முட்டை அட்டைக்குள் ஒரு கணினித் திரை

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் புதுச்சத்திரத்தில் சேலம் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். துணிப்பைக்குள் சாப்பாட்டு டப்பா, ஒரு ஸ்க்ரூ டிரைவர், மடித்த பழைய போர்வை. மனசுக்குள் கோபம், அதற்குப் பை கொள்ளாது. சேலத்துக்குப் போவது சேலை எடுக்கவும் அல்ல, ஆஸ்பத்திரிக்கும் அல்ல. வீடியோ எடிட்டிங் செய்ய ஒரு கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிவந்து என் கையாலேயே பூட்டப் போகிறேன். பக்கத்து சீட்டுப் பெண் "எங்கீங்க போறீங்க?" என்று கேட்டதற்கு இதைத்தான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாமக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் ஏழெட்டு வருஷம் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டினேன். போன மாதம் நாமகிரிப்பேட்டையிலிருந்து தெய்வானை அக்கா அங்கே வந்தார். முட்டை மொத்த வியாபாரம் செய்கிறவர். தம்பி கல்யாண வீடியோவில் தன்னுடைய இணைச்சீரைக் காணோம் என்று நின்றார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், மாப்பிள்ளை மணமேடைக்குப் போகும் முன், அவனோடு உடன்பிறந்தவளை உட்காரவைத்துச் செய்யும் சீர் அது. மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை அக்காவிடம். முக்கால் மணி நேரம் நடந்த அந்தச் சீர், வீடியோவில் இமைப்பதற்குள் ஒரு பாட்டின் நடுவே வந்து போயிருந்தது.

"கல்யாணப் பொண்ணே இல்லாத சீனுங்க அது. யாரு பாப்பாங்க?" என்று முதலாளி சிரித்தார்.

"நான் முழுசாப் போட்டுத் தாரேனுங்க அக்கா," என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மிஷின் என்னுது. நீ அதுல மவுசு புடிக்கற கை. பொம்பளைங்களுக்கு எடிட்டிங் வரும், மிஷின் வராது," என்றார். அன்றைக்கே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காசு கொடுத்து எடுத்த காட்சிகள் எல்லாவற்றையும் அக்கா ஒரு ஹார்ட் டிஸ்கில் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார். தம்பியும் அவன் மனைவியும் புனேவுக்கு வேலைக்குக் கிளம்புவது இந்த ஞாயிறு சாயங்காலம். அதற்குள் அவர்கள் இருவரும் இணைச்சீரைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்கு வேண்டியது, அது என் மிஷினில் ஓட வேண்டும்.

ஆண்டகளூர் கேட்டில் பஸ் நின்றபோது தெய்வானை அக்கா ஏறினார். கக்கத்தில் முட்டை அடுக்கும் அட்டைகள் ஒரு கட்டு.

"இது எதுக்குங்கக்கா?"

"ஒடையற சாமான் வாங்கப் போறோமல்ல அம்மிணி? எனக்குத் தெரிஞ்ச பேக்கிங் இதுதான்," என்றார்.

மல்லூர், சீலநாயக்கன்பட்டி எல்லாம் தாண்டி சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினோம். தேநீர் பன்னிரண்டு ரூபாய், தண்ணீருக்கும் டீத்தூளுக்கும் பெரிய சிநேகம் இல்லை. ஐந்து ரோட்டுப் பக்கம் நடந்தே போய்விட்டோம். நான் விசாரித்து வைத்திருந்த கடை ஒரு மாடியில் இருந்தது. உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. மாரியம்மன் பண்டிகைக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது.

"எடிட்டிங்னா இதான் மேடம்," என்று விற்பனையாளர் ஒரு பெட்டியைத் தட்டினார். "கிராபிக்ஸ் கார்டோட ஒண்ணு இருபது வரும்." ஒண்ணு இருபது என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கூச்சமே இல்லை.

எனக்கு ஐம்பதாயிரத்துக்குள் முடிய வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வேண்டிய கார்டு கல்யாண வீடியோவுக்கு எதற்கு? நம் ஊர்க் கேமராக்கள் இப்போது பதிவுசெய்கிற கோப்புகள் நன்றாக நசுக்கிச் சுருக்கப்பட்டவை. அதைப் பிரித்துக் காட்டும் வேலையை, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசசர் ஒன்று தனியாகவே பார்த்துக்கொள்ளும். எந்த வகை என்று ஒரு மாதமாகப் படித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன். அதையே கேட்டேன். ராம் என்னும் நினைவகம் மாட்ட நான்கு இடம் உள்ள மதர்போர்டு கேட்டேன். ராம் விலை இப்போது தங்கத்தோடு போட்டி போடுகிறது. அதனால் எட்டு ஜிபி இரண்டு மட்டும் வாங்கி, மீதி இரண்டு இடத்தைக் காலியாக விட முடிவுசெய்தேன். இரண்டு முகூர்த்த வேலை கிடைத்தால் நிரப்பிக்கொள்ளலாம். கோப்புகளை வைக்க வேகமான எஸ்எஸ்டி ஒன்று. பவர் சப்ளை மட்டும் நல்ல கம்பெனி. கார்டில் மிச்சம் பிடித்ததில், கரண்டு போனாலும் மிஷின் அணையாமலிருக்க ஒரு யூபிஎஸ்.

விற்பனையாளர் எனக்குப் பின்னால் ஆண் துணை யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அக்காதான் வந்தார், அட்டைக் கட்டோடு.

"லைட்டு வெச்ச கேபினட் போடவா மேடம்? பாக்க ரிச்சா இருக்கும்."

"லைட்டு எங்கூட்டுல இருக்குதுங்க. காத்து நல்லாப் போற கேபினட்டு குடுங்க, போதும்."

"அசெம்பிளும் நாங்களே பண்ணித் தந்துடுறோமே. நீங்களே பண்ணி ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"ஏனுங்க, எங்கூருல லாரியே சேஸ் மட்டுந்தான் வாங்கியாருவோம். பாடி நாங்களே கட்டிக்குவோம். இது லாரியவிடப் பெருசுங்களா?" என்றேன்.

பில் போடும் பையன் சிரித்துவிட்டான். விற்பனையாளர் அதற்குப் பிறகு "மேடம்" என்று சொல்லாமல் "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

திரை மட்டும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துச் சந்தில் பழைய மானிட்டர் விற்கும் கடைக்குப் போனோம். நாலாயிரத்து ஐந்நூறு, பெட்டி கிடையாது. கல்யாண வீடியோவில் கொஞ்சம் பிசகினாலும் மாட்டிக்கொள்கிற நிறம் மஞ்சள்தான்: தாலிக்கயிறு, கூறைச்சேலை, முகத்தில் பூசியது எல்லாமே மஞ்சள். அதனால் மஞ்சள் படம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். முதல் திரையைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தோம்.

"இது பச்சையடிக்குதுங்க," என்றார் அக்கா. "எங்கூரு மஞ்ச மண்டியில இந்த மஞ்சளக் கொண்டாந்தா திருப்பி அனுப்பிப்போடுவாங்க."

மூன்றாவது திரையில் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. போர்வையைச் சுற்றி, முன்னும் பின்னும் முட்டை அட்டைகளை வைத்து, சணல் கயிற்றால் அக்காவே இறுக்கிக் கட்டினார். பார்த்தால் முட்டை லோடு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. மதியம் மூன்று மணி நாமக்கல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. மானிட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினேன். கண்டக்டர் ஒரே பார்வைதான் பார்த்தார். "முட்டை வருதுங்க, முட்டை! கொஞ்சம் நவுருங்க!" என்று கத்தினார். வழி பிறந்தது. சட்டையில் ஒழுகிவிடும் என்ற பயம் யாருக்குத்தான் இல்லை? ஒருவர் எழுந்து சீட்டே கொடுத்துவிட்டார், பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து அக்காவுக்கும் இடம் விட்டார். நான் வாய் திறக்கவில்லை. மடியில் மானிட்டர், காலடியில் கேபினட்டும் யூபிஎஸ்ஸும். மதர்போர்டு அக்காவின் மடியில்.

எதிர் சீட்டில் ஒருவர், போர்வெல் ரிக் வண்டி டிரைவராம், பேச்சுக் கொடுத்தார். "இன்னிக்கு ரேட்டு என்னங்க?"

அக்கா கண்ணிமைக்காமல் அன்றைய முட்டை ரேட்டைப் பைசா சுத்தமாகச் சொன்னார். தினமும் அதில் விழிப்பவர் ஆயிற்றே.

அந்த ஆள் தலையாட்டினார். கொஞ்ச நேரம் என் மடியிலிருந்த அட்டைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்லூர் வந்ததும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது.

"ரேட்டு சரிங்க. தெசைதான் தப்பா இருக்குது. நாமக்கல்லுல இருந்துதான ஊரெல்லாம் முட்டை போவுது? நாமக்கல்லுக்கே முட்டை கொண்டு போறீங்களா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோனவளை அப்படித்தான் பார்ப்பார்கள். அக்கா என்னைப் பார்த்தார். மழுப்பியிருக்கலாம். ஆனால் எதற்கு ஒளிக்க வேண்டும்? நான் திருடிக்கொண்டா போகிறேன்?

"முட்டை இல்லீங்க, கம்ப்யூட்டரு. வீடியோ எடிட்டிங் பண்ண. நானே பூட்டப்போறேன்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"அப்பறம் எதுக்குங்க கம்முனு இருந்தீங்க? கம்ப்யூட்டருன்னா நாங்க ஒதுங்கமாட்டமா?"

"ஒதுங்கியிருக்கமாட்டீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். "அதுவும் நெசந்தானுங்க," என்று ஒப்புக்கொண்டார். சீட்டுக் கொடுத்தவர் மட்டும் ஆண்டகளூர் கேட் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே நின்றார்.

அக்கா தன் ஊருக்குப் போகாமல் என்னோடு புதுச்சத்திரம் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருந்தார். சனிக்கிழமை காலை, விடிந்த வெளிச்சத்தில் சாப்பாட்டு மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். பிராசசரை அதன் குழியில் உட்காரவைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கக் கூடாது, தானாக உட்கார வேண்டும். விசிறி, ராம், எஸ்எஸ்டி, வயர்கள். அக்கா ஸ்க்ரூக்களை ஒரு முட்டை அட்டையின் குழிகளில் வகை வகையாகப் பிரித்துப் போட்டுக் கொடுத்தார். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது.

மிஷின் வராது என்ற முதலாளியின் குரல் அப்படியே காதில் கேட்டது. அந்தக் குரல் மேல் வந்த கோபத்திலேயே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ராம் இரண்டையும் கழற்றி, மறுபடி வைத்து அழுத்தினேன். "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. முதல் தடவை அந்தச் சத்தம் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த முறை திரையில் எழுத்துகள் ஓடின.

"வந்துருச்சு சாமி!" என்று அக்கா கும்பிட்டார். என்னையா மிஷினையா என்று தெரியவில்லை.

அக்காவின் ஹார்ட் டிஸ்கைச் செருகி, பகல் முழுக்க இணைச்சீரில் உட்கார்ந்தோம். கேமராக் கோப்புகள் திக்காமல் ஓடின. சாயங்காலம், வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே கோப்பாக மாற்றும்போது மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வந்தால் சுற்றியுள்ள தோட்டத்து மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். வீட்டு விளக்கு அழுது வடியும். யூபிஎஸ் கீச்சென்றது, மிஷின் அசரவில்லை. விளக்கு வைத்த பெட்டிக்குக் காசைக் கொட்டியிருந்தால் யூபிஎஸ்ஸுக்குக் காசு மிஞ்சியிருக்காது, மிஷின் அந்த இடத்தில் அணைந்திருக்கும். நடுவில் முதலாளி போன் செய்தார். அவருக்கு அதற்குள் சேதி போய்விட்டது.

"என்னம்மா, மிஷின் வாங்கிட்டியாமே? ஓடுதா?"

"ஓடுதுங்க. வேலையா இருக்கறேன், வெக்கறேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டை போய்ச் சேர்ந்தோம். அக்கா வீட்டுக் கூடத்தில் புனே போகும் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. பென் டிரைவை டிவியில் செருகினேன். தம்பி முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, முக்கால் மணி நேரமா? போரடிக்குமுங்க."

"உக்காருடா," என்றார் அக்கா.

ஓடியது. கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், காபி வந்தது. யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்றே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி மட்டும் அசையவில்லை. சீர் நடந்த அந்த நேரத்தில் அவள் மண்டபத்தின் இன்னொரு அறையில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய கல்யாணத்தில் அவள் காணாத முக்கால் மணி நேரம். அவள் பிறந்த ஊர்ப் பக்கம் இந்தச் சீர் கிடையாது என்றும் அப்போதுதான் தெரிந்தது. தம்பியும் அக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்து உட்கார்ந்த காட்சி வந்ததும், அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

"நங்கையா," என்றாள். நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதை அவள் அதற்குள் பழகியிருந்தாள். "அது நான் கட்டின கூறைச்சேலைதானே? எனக்கு முந்தி நீங்களா புடிச்சிருந்தீங்க?"

"ஆமா கண்ணு. புடிச்சிருந்துட்டு, உங்கிட்டக் குடுத்தன்."

அந்தப் பெண் அக்கா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டு நின்றுகொண்டே முடிவு வரைக்கும் பார்த்தான். பொண்ணே இல்லாத சீன் என்றாரே அந்த மனுஷன், இப்போது வந்து பார்க்கட்டும் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசல் வரைக்கும் வந்தாள். அவள் அம்மாவுக்கு அனுப்ப இன்னொரு காப்பி வேண்டுமாம்.

"முழுசாக் குடுங்கக்கா. எதையும் வெட்டிராதீங்க."

வெட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிறவளிடம் இப்படிக் கேட்டால் வேறு ஏதாவது ஒரு நாளில் என்றால் ரோஷம் வந்திருக்கும்.

"வெட்டமாட்டேன் கண்ணு," என்று சொல்லிவிட்டு ராசிபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.