சீனி போடாத தோடம்பழச் சாறு

பழச்சாறு உடம்புக்கு நல்லது என்று யாராவது தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. செருப்புக் கடித்து, கால் பெருவிரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. நான் சோற்றைக் குறைத்தேன், குரக்கன் பிட்டு அவித்தேன், பிளேன் டீயை வெறுமனே கொடுத்தேன். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தேன். அப்படியும் ஒவ்வொரு கிளினிக்கிலும் சீனி ஏறித்தான் இருந்தது. டொக்டர் இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, வீட்டில் என்னதான் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் கள்ளி மாதிரி நின்றேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே இவருடைய அக்கா, என் மச்சாள், இருக்கிறார். பின்னேரங்களில் இவர் அங்கே போய்க் கதைத்துவிட்டு வருவார். ஒருநாள் மழைக்குக் குடை கொண்டுபோனேன். இவர் கையில் பெரிய கிளாஸ். மூன்று தோடம்பழம் பிழிந்து, சக்கையைத் துணியில் வடித்தெறிந்த சாறு. தினமும் நடக்கிறதாம். இரத்தம் சுத்தமாகும், புண் காயும் என்று மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் வந்ததாம்.

"சீனி ஒரு கரண்டியும் போடேல்லை. பழம்தானே," என்றார் மச்சாள்.

மூன்று பழத்தை இருந்து தின்னச் சொன்னால் இவர் தின்னமாட்டார். சாறென்றால் ஒரே மடக்கு. உதவியிருக்கக்கூடிய சக்கை குப்பைக்குப் போனது, இனிப்பெல்லாம் இவருக்குள் போனது. கத்தினேன். மச்சாள் அழுதார். அத்தோடு நின்றது என்று நம்பினேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அந்த விரலை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் வார்டுக்கு மச்சாள் போத்தலோடு வந்தார். வருத்தக்காரனைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதாம். தம்பி ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை, முந்தாநாள்கூடக் குடித்தவன்தானே என்றார். ஊற்றினார். இவர் கையை நீட்டினார். நான் கோப்பையைப் பறித்தேன்.

இவர் மெல்லச் சொன்னார்: "அக்கா ஆசையாத் தாறா. வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மச்சாளாவது தெரியாமல் கொடுத்தார். இந்த மனுசன் தெரிந்தே குடித்திருக்கிறார்.

"டொக்டர் விரலைக் கேட்க ஓமெண்டு குடுத்தனீங்கள். அக்காவுக்கு ஒரு வேண்டாம் சொல்ல வாய் வரேல்லையோ?"

மச்சாள் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தார். இவர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கமே வரவில்லை.