ஈயம் என்றால் எந்த ஈயம்?

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. மீதி மூன்றும் செத்துப்போன என் ஓரகத்தியின் பிள்ளைகள். ஒன்பது பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க நான் என்ன சந்நியாசியா?

என் படிப்பு கையெழுத்துப் போடுகிற அளவுக்கு. கம்பெனி பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல, காலேஜ் படிக்கிற பேத்தி எழுதுகிறாள்.

எனக்குச் சந்தேக புத்தி என்று ஊரில் பெயர். சும்மா வந்த புத்தி இல்லை. ஒரகடத்தைச் சுற்றி வெறும் காடும் கழனியுமாக இருந்தபோது காரில் நாலு பேர் வந்தார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்மா" என்றார்கள். மோர் கொடுத்தேன். அவர்கள் பார்த்துவிட்டுப் போன கழனி எதுவும் இன்று எங்களிடம் இல்லை. பிறகு ஒருமுறை கண் முகாம் என்று வந்தவர்கள், கண்ணில் லைட் அடித்து, வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இலவசம் என்று எவராவது வாசலில் நின்றால் நான் முதலில் கையைப் பார்ப்பேன். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் கிராமத்து நர்ஸம்மா வந்தாள். நான் பித்தளைக் குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஈயம் பூசின குண்டான். கலாய் என்றும் சொல்வோம். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும். பூசினால் வெள்ளி மாதிரி இருக்கும், பயமில்லை.

"ஆயா, உங்க கடைசி மருமகளையும் அவங்க பொண்ணு சின்னக் குட்டியையும் புதன்கிழமை பால்வாடிக்கு அனுப்பி வைங்க. ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாம்மா சொல்ற? இந்தக் குண்டான்ல ஆக்கிப் போட்டுத்தான் ஒம்போது பேரை வளத்தேன். எவன் ரத்தத்துல ஈயம் கீது? கூட்டிக்கினு வரட்டா?"

"அந்த ஈயம் இல்ல ஆயா, அது வெள்ளீயம். இது காரீயம். பெயிண்டு, பேட்டரி அதுல எல்லாம் இருக்கறது."

"அப்ப காரீயம்னு சொல்றதுக்கு இன்னா? வாய் வலிக்குதா?"

"எங்களுக்கும் ஈயம்னுதான் சொல்லிக்குடுத்தாங்க ஆயா, நான் இன்னா பண்றது" என்று சிரித்தாள்.

யார் யாருக்குச் சோதனை என்று கேட்டேன். கர்ப்பிணிகளுக்கும் பால்வாடிப் பிள்ளைகளுக்கும் மட்டும் என்றாள். பிள்ளைகளின் வளர்கிற மூளையைத்தான் அது முதலில் பிடிக்குமாம். கர்ப்பிணி என்றால் தாயின் ரத்தத்திலிருந்து உள்ளே இருக்கிற சிசுவுக்கும் போகுமாம்.

"ஆம்பளைங்களுக்கு?"

"அது எங்க கையில இல்ல. வேலை செய்ற எடத்தைப் பாக்கறது வேற டிபார்ட்மெண்டு."

"சரி, கீதுன்னே வச்சிக்குவோம். அது எங்கேர்ந்து வந்துதுன்னு யாரு பாப்பா?"

"அதெல்லாம் மேல முடிவு பண்ணுவாங்க ஆயா."

ஈயம் பூசின மாதிரியும் இருந்தது அந்தப் பதில், பூசாத மாதிரியும் இருந்தது. நான் குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது கடைசி மகனிடம் சொன்னேன். "அந்தம்மா உன்னை நல்லா கலாய்ச்சிட்டாங்கமா" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பெயிண்டு, பேட்டரி என்று அவள் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் முன்பு கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்டிராக்டில் இருந்தான். காண்டிராக்ட் முடிந்தது என்று ஒருநாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொட்டகைக்குப் போகிறான். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிற இடம். போர்டு கிடையாது. ஊரில் அதற்குக் கொட்டாய் என்றுதான் பெயர். வேலை விட்டு வரும்போது சட்டையெல்லாம் சாம்பல் நிறத்தில் தூசு இருக்கும். சின்னக் குட்டி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். அப்படியே தூக்கிக்கொள்வான்.

"யாரும் போவ வேணாம்" என்றான். "புள்ளைக்குக் கீதுன்னா, மொதல்ல அப்பன் இன்னா வேலை செய்றான்னுதான் கேப்பாங்க. இந்த வேலையும் பூடும். அப்பால சோத்துக்கு இன்னா பண்றது?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆம்பளைக்குச் சோதனை இல்லை, பிள்ளைக்கு மட்டும் உண்டு என்றால் என்ன அர்த்தம்? பிள்ளையின் ரத்தத்தில் தூண்டில் போட்டு அப்பனைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். "போவாதீங்க" என்று நானும் சொன்னேன்.

மருமகள் தட்டை எடுக்க வந்தவள் நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். போன் செய்கிற கம்பெனியில் லைன் வேலைக்கு வந்து ஹாஸ்டலில் இருந்தவளை இவன் பார்த்துக் கட்டிக்கொண்டான். நர்ஸம்மா வந்த சமயம் அவளுக்கு வயிற்றில் இரண்டாவது, நாலு மாதம்.

"அத்தே, நான் போவேன். மூணு வயசு முடிஞ்சும் புள்ள ரெண்டு வார்த்தை சேத்துப் பேச மாட்டேங்கா. வயித்த வலிக்குன்னு சுருண்டு சுருண்டு படுக்கா. பூச்சியா இருக்கும்ங்கிய நீங்க. எனக்கு என்னன்னு தெரியணும்."

"என் மூணாவது மவன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மூடச் சொன்னா மூட மாட்டேங்கறான்."

"அவிய கதை வேற அத்தே." பிறகு புருஷனைப் பார்த்தாள். "சோத்துக்கு நான் லைனுக்குப் போறேன். புள்ளைக்கு ஒண்ணுன்னா எந்தக் கம்பெனியில போயி வேற வாங்கிட்டு வருவிய?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

புதன்கிழமை நானும் கூடப் போனேன். அவளுக்குத் துணைக்கு இல்லை. ரத்தம் எடுத்தால் யார் ரத்தம் யார் பெயரில் போகிறது என்று பார்க்க. குழாயில் ஒட்டின பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, குட்டியின் பெயர்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கையை நீட்ட விட்டேன். மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தாள், சின்ன வயசு. அவளிடமே கேட்டேன்.

"கொட்டாய் அதோ கீது. அங்க போய் மண்ணை எடுத்துப் பாக்கறது. எங்க புள்ளைய எதுக்கும்மா குத்தறீங்க?"

அவள் கோபப்படவில்லை. "உள்ள போறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல பாட்டி. பிள்ளைங்க ரத்தத்துல இருக்குன்னு நாங்க காட்டினாத்தான், அதிகாரம் இருக்கறவங்க போவாங்க."

"அப்ப பொகை வந்தா வர மாட்டீங்க, வூடு எரிஞ்சாத்தான் வருவீங்க."

"இப்போதைக்கு அப்படித்தான்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு சட்டத்தை எவன் செய்தான், எவனுக்காகச் செய்தான் என்று நான் வீடு வருகிற வரைக்கும் யோசித்தேன்.

முடிவு வந்தபோது நர்ஸம்மா போன் பண்ணவில்லை, நேரில் வந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குட்டிக்கு அதிகமாக இருக்கிறது, மருமகளுக்கும் இருக்கிறது, அவ்வளவு இல்லை என்றாள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே, முதலில் எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்த வேண்டும், முட்டை, கேழ்வரகு, கீரை சாப்பிட வேண்டும், ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று சொன்னாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு என்ன பெயிண்டு? மஞ்சள்தூள் எங்கே வாங்குகிறீர்கள்? குழந்தைக்குக் கண்மை உண்டா? சமைக்கிற பாத்திரம் என்ன? அப்பாவுக்கு எங்கே வேலை?

மருமகள் என்னைப் பார்த்தாள். "நாளைக்குச் சொல்றோம்" என்றேன்.

நர்ஸம்மா போன பிறகு நாங்கள் அடுப்புகூட மூட்டவில்லை, வாசலில் கார் நின்றது. கொட்டாய்க்காரன். ஊர்க்காரப் பிள்ளைதான். முறைக்கு என்னைப் பெரியம்மா என்பான். தண்ணீர் டாங்க்கு கட்டிக் கொடுத்தவன், திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவன். கையில் ஆப்பிள். டிரைவர் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பெரிம்மா, கேள்விப்பட்டேன். மனசே கேக்கல."

எங்கள் வீட்டில் நாங்களே இன்னும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மகன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. இவனுக்குச் சொன்னது யார்?

"உக்காரு தம்பி" என்றேன்.

"உங்க வூட்ல அந்தக் காலத்து பித்தளை கீதுல்ல, ஈயம் பூசினது? அதான் பெரிம்மா காரணம். டாக்டருங்களே சொல்றாங்க, ஈயம்னு. அந்தப் பாத்திரத்தைச் சொல்லிடுங்க, வேலை முடிஞ்சுது. தோ, எவர்சில்வர் செட்டு கொண்டாந்துட்டேன். ஆயுசுக்கும் ஒழைக்கும்."

என் குண்டான் மேலேயே கையை வைத்தான். நான் பெட்டியைப் பார்த்தேன், பிறகு அவன் கையைப் பார்த்தேன். விரலில் மோதிரம் நிறைய இருந்தது, தூசு ஒரு பொட்டுகூட இல்லை.

"ஏந்தம்பி, உன் புள்ளைங்க இப்ப எங்க கீறாங்க?"

"குன்றத்தூர்ல பெரிம்மா. ஸ்கூலுக்காக."

"ஸ்கூலுக்காகவா?"

அவன் மோதிரத்தைத் திருகினான்.

"ஈயத்தைப் பாத்து பித்தளை இளிச்சுதாம். எட்துக்கினு போ தம்பி பெட்டிய."

எழுந்தான். சிரிப்பு மாறவில்லை. "பையனுக்கு வேற எங்கயும் வேலை கெடைக்காம பூடப் போவுது, பாத்துக்குங்க" என்றான். ஆப்பிளை மட்டும் வைத்துவிட்டுப் போனான். அதைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

ஆனால் சந்தேகம் என்றால் எல்லார் மேலும் வர வேண்டும். நானே பூசிய ஈயமா அது? தெருவில் கூவிக்கொண்டு வந்தவன் பூசியது. அவன் எதைக் கலந்தான் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த நாள் காலையில் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனேன். மருமகள் வந்தாள். மகனையும் வா என்றேன். செருப்பை மாட்டவும் கழற்றவுமாக வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான்.

"இந்தா, இதையும் சோதிங்க" என்று குண்டானை மேசையில் வைத்தேன். "இப்ப அவன் சொல்வான், எழுதிக்கம்மா."

மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஏரிக்கு அந்தாண்ட கொட்டாய்ல பேட்டரி உருக்கறேன். அதே சட்டையோடதான் வூட்டுக்கு வரேன்." இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் சின்னப் பையன் மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டான். மருமகள் அவன் தோளைத் தொட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நர்ஸம்மா அப்போதுதான் சொன்னாள். எங்கள் தெருவில் இன்னும் சில வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதிகமாக வந்திருக்கிறதாம்; அவள் சொன்ன வீடெல்லாம் கொட்டாய்க்குப் போகிறவர்கள் வீடுதான். அவர்கள் யாரும் வேலையைச் சொல்லவில்லை. ஒருத்தி கண்மை என்றாளாம், ஒருத்தி பெயிண்டு என்றாளாம். எல்லார் வீட்டிலும் எவர்சில்வர் பெட்டி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கொட்டாய் பூட்டியிருந்தது. அவர்கள் வருவது அதற்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. கொஞ்ச நாளில் மறுபடி புகை வந்தது, முன்னைவிட மெல்லிசாக. மகன் போகவில்லை. குடோனில் லோடு ஏற்றுகிறான். கை நிறையக் காசு வருவதில்லை, முகத்தில் இருந்த அந்தச் சாம்பல் தூசு மட்டும் போயிருக்கிறது. என் குண்டான் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால் வரிசையில் இருக்கிறது என்கிறார்கள்.

குட்டிக்கு இரண்டாம் தடவை சோதிக்க உத்தரவு இல்லை என்றார்கள். மருமகள் பால்வாடி வாசலில் உட்கார்ந்து, எடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்றாள். எடுத்தார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன வாரம் நான் தலை வாரப் போனபோது "ஆயா போ" என்றாள் குட்டி. சண்டைக்குச் சொன்னதுதான். ஆனாலும் இரண்டு வார்த்தை.

மருமகளுக்கு இது நிறைமாதம். பிறக்கப் போகிற சிசுவின் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள் என்றேன். "அதுக்கு இன்னும் ஆர்டர் வரல ஆயா, மேல கேட்டிருக்கோம்" என்கிறாள் நர்ஸம்மா. அவள் நல்ல பெண்தான். ஆனால் மேலே என்பது எந்த மாடி என்று எனக்குத் தெரிய வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காக என்று அம்மாக்காரியைக் குத்தினவர்கள், பிள்ளை வெளியே வந்ததும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? கொட்டாய்க்குப் போகிற ஆம்பளைகளுக்கு ஏன் சோதனை இல்லை? வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்தால் யாருடைய சட்டி உடைந்துவிடும்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள், நானே நேரில் போய்க் கேட்கப் போகிறேன். அங்கே நாற்காலியைப் பார்த்ததும் ஒன்றை மறந்து ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான் இதை எழுதச் சொன்னது.

எழுதிட்டியாடி? எங்க, மொதல்லேர்ந்து படி. அழகா இருக்கணும்னு நீயா எதையாவது மாத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிடும். மெதுவாவே படி.