என் மனைவிக்கு வந்த மலர் வளையம்

இங்கிலாந்தில் லீவு கேட்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கூச்சம். ரொட்டித் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்பவன் மாவுக் கையைத் துடைத்தபடியே, "பாப், டுமாரோ ஆஃப்" என்கிறான். சூப்பர்வைசர் பாப் தலையாட்டுகிறார். அவ்வளவுதான்.

எங்கள் வலங்கைமான் பக்கம் அப்படியா கேட்போம்? கூலி நெல்லுக்குப் போராட்டம் நடந்த வருஷங்களில் என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. கழகக்காரரோ சங்கத்துக்காரரோ, மேடை ஏறினால் அடுக்குமொழியில் முழங்குவார்கள். இறங்கியதும், "தம்பி, ஒரு சோடா சொல்லுங்க" என்பார்கள். பெரிதாக ஒன்றைக் கேட்கப் பெரிய பாஷை வேண்டும் என்று எனக்குள் பதிந்துபோனது. இங்கிலீஷில் என்னிடமிருந்த பெரிய பாஷை பைபிள்தான். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன்; ஆனால் பழைய பேப்பர் கடையில் தமிழ் பைபிளும் இங்கிலீஷ் பைபிளும் சேர்ந்து கிடைத்தன. வசன எண்ணைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அது பல நூறு வருஷத்துப் பழைய பேச்சு என்று யாரும் சொல்லவில்லை.

நான் இங்கே வந்து மூன்று வருஷம் கழித்து என் மனைவி செல்வி லண்டனில் இறங்க இருந்தாள். கும்பகோணத்தைத் தாண்டாதவள். நான் போய் நிற்காவிட்டால் தவித்துப்போவாள். ரொட்டித் தொழிற்சாலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன்; புதியவனுக்கு லீவு கிடையாது என்றார்கள். பாப் முன்னால் போய் நின்று, "பிஹோல்ட்! ஐ பிஸீச் தீ, சஃபர் மீ டு டிபார்ட். மை வைஃப்..." என்றேன். இதோ, உம்மிடம் மன்றாடுகிறேன், என்னைப் போகவிடும் என்று அர்த்தம். ஏரோப்பிளானுக்கு பைபிளில் வார்த்தை இல்லை. மேலே வானத்தைக் கைகாட்டினேன்.

பாப் தொப்பியைக் கழற்றினார். அந்த இங்கிலீஷை இங்கே பலரும் சாவுச் சடங்கில்தான் கேட்பார்களாம். ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். பெரிய பாஷை பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வி வந்த மறுநாள் வாசலில் வெள்ளைப் பூ வளையம் இருந்தது. அட்டையில் அவள் மறைவுக்குத் தொழிற்சாலையில் எல்லோருடைய வருத்தமும்.

"யாருங்க செத்தது?"

"நீதான்."

வேலை போய்விடும் என்ற பயத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் மாரியம்மன் கோயிலில், சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பிணம்போலப் பாடையில் படுத்து வந்து பாடைக்காவடி வேண்டுதலைத் தீர்ப்பார்கள்.

"ஏரோப்பிளான்ல பாதி செத்துட்டேன். இப்ப பாடைக்காவடியும் எடுத்தாச்சு. ஆயுசு கெட்டி, போங்க" என்று வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அப்போது பார்த்து, துக்கம் விசாரிக்க பாப் கேக்கோடு வந்து நின்றார்.

"மை வைஃப்" என்றேன்.

"வாங்க, உக்காருங்க. உங்க புண்ணியத்துல பொழச்சேன்" என்றாள் செல்வி.

தொப்பிக்குப் போன பாப்பின் கை பாதியில் நின்றது. அவளைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாளைக்கே வேலைக்கு வா" என்று சொல்லி, கேக்கை அவளிடம் கொடுத்தார்.

பூ உதிர்ந்துவிட்டது. வெறும் வளையம் மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வெள்ளைக்காரர்கள் வந்தால் அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். நம்மவர்கள் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் இரண்டு பேருக்கும் டீ போடுகிறேன்.