கராஜுக்குள் இருபது பாகை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்கக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பனிக்காலத்தில், ஐந்து கிழமையாக, நான் எங்கள் வீட்டுக் கராஜைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். சூடு எவ்வளவு என்று பார்க்க ஒரு வெப்பமானியும் வாங்கினேன். அதைக் கொண்டுபோய் ஹீற்றருக்கு நேர் மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். அது இருபது பாகை காட்டியது. நானும் நம்பினேன். இத்தனைக்கும் படிக்கிற காலத்தில் பௌதிகத்தில் திறமைச் சித்தி எடுத்தவன். வெப்பம் மேலே போகும் என்று எழுதி அதற்குப் புள்ளியும் வாங்கியவன்.

அப்போது ஸ்காபரோவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மேல்தளம் எங்களுக்கு. பேஸ்மென்றில் மூன்று தனிப்பெடியன்கள். மூவரும் இரவில் பாண் பேக்கரியில் வேலை செய்து பகலில் நித்திரை கொள்பவர்கள். என் மனைவி வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்தாள். தொழிற்சாலையில் வைக்கிற பெரிய தையல் மெசின், இரும்பு மேசையோடு. முதலில் அதை ஹோலில்தான் வைத்தோம். இரண்டாம் நாளே கீழேயிருந்து தும்புத்தடியால் முகட்டில் இடித்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் தைக்கத் தொடங்கினால் என்ரை கட்டில் நடந்து கதவடிக்குப் போகுது."

அதனால் மெசின் கராஜுக்குப் போனது. அது புரட்டாதி மாதம். வெயிலும் காற்றும் நன்றாக இருந்தன. பெரிய கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தைத்தாள். குளிர் தொடங்கினால் மெசினை மூடிவைத்துவிட்டு மூன்று மாதம் ஓய்வெடுப்பதாகப் பேச்சு. அவளுக்கு வந்த துணியோ நீச்சல் உடுப்பு. கோடையில் கடைக்கு வருவதை மார்கழி, தையில்தான் தைப்பார்களாம். வெளியே சனம் கண் மட்டும் தெரிய மூடிக்கட்டிக்கொண்டு போகும்போது இவள் முழங்கை நீளம்கூட இல்லாத துணிகளுக்கு இலாஸ்ரிக் வைத்துக்கொண்டிருந்தாள். இதை வைத்து நான் செய்த பகிடிகளை எழுதினால் உங்களுக்கும் அலுக்கும்.

மார்கழியில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. கொழும்பு போய், அங்கே யாரோ ஒருவரின் கையில் கிடந்து வந்த கடிதம். அவளுடைய சித்தி எழுதியிருந்தா. அம்மா மோசம் போய்விட்டா, செத்தவீடு குறையில்லாமல் நடந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது, நீங்கள் யோசிக்க வேண்டாம். அம்மா செத்த திகதியைப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்கும் மேலாகியிருந்தது. அந்த நாளில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஏதோ ஒரு பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் அழவில்லை. கடிதத்தை மடித்து, சாமித்தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குக் கீழே வைத்தாள்.

செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். ஹோலில் இருந்து, சாவுத் தீட்டான துடக்கை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று வாதாடினார்கள். செத்த நாளிலிருந்தா, கடிதம் கிடைத்த நாளிலிருந்தா? செத்த நாளிலிருந்து என்றால் துடக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கிடைத்த நாளிலிருந்து என்றால் வந்திருந்தவர்கள் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தது பிழை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் வயதில் மூத்த ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

"உது நாள் கடந்த துடக்கு. பிள்ளை தலைக்கு முழுகினால் காணும்."

அவள் எழுந்துபோய் முழுகினாள். அந்த ஈரத் தலையோடு பின்கதவைத் திறந்துகொண்டு கராஜுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மெசின் சத்தம் கேட்டது. வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்த் தலை துவட்ட ஒரு துவாயைக் கொடுத்தேன். அவள் வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தைத்தாள். அவளுடைய தலைமயிரின் நுனி விறைத்து ஈர்க்கு மாதிரி நின்றது.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். வீட்டுக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. மெசினை ஹோலுக்குக் கொண்டுவருவோம், பெடியன்களின் கட்டில் எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும் என்றேன். "வேண்டாம்" என்றாள். அவளை உள்ளே கொண்டுவர என்னால் முடியவில்லை. ஆகவே சூட்டை வெளியே கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. பகிடி விடத்தான் தெரியும். அது அந்த நாட்களில் ஓடவில்லை. ஹீற்றர் வாங்குவது என்றால் என்னாலும் முடியும்.

ஒஷாவாவில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தன் கராஜில் பழைய கார்களைக் கழற்றிப் பூட்டுகிறவன். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"காஸ் ஹீற்றரைக் கொண்டுபோய் வைச்சுப்போடாதை. புகை அடைச்சு ரெண்டு பேரும் ஒண்டாப் போய்ச் சேருவியள்" என்றான். "கரண்டிலை ஓடுற எண்ணெய் ஹீற்றர் வாங்கு. ஆனால் கேள், அதுக்கு முதல் கதவிடுக்கை அடை. நிலத்துக்கு ஏதேன் விரி. சீமெந்திலையிருந்துதான் குளிர் ஏறும். ஹீற்றர் கடைசி வேலை. விளங்குதோ?"

"ஓம் ஓம்" என்றேன். எண்ணெய் ஹீற்றர் என்பதற்குப் பிறகு நான் ஒன்றையும் கணக்கில் எடுக்கவில்லை.

வாங்கிய ஹீற்றரை மின்சாரம் எடுக்கிற இடம் இருந்த பின்சுவரோரம் வைத்தேன். அவளுடைய மேசையோ பெரிய கதவடியில், முகட்டு லைற்றுக்குக் கீழே இருந்தது. இடையில் ஒரு கார் நிற்கிற தூரம். ஹீற்றருக்கு மேலே வெப்பமானி. தொழிற்சாலையில் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அதைப் பார்ப்பேன்.

"இஞ்சேரும், இருபது பாகை! கொழும்பிலை ஏசி போட்ட பெரிய கந்தோருகளிலைகூட இப்பிடி இராது."

"ம்."

"உந்த நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டே தைக்கலாம்."

முந்தியென்றால் அளவுநாடாவைச் சுழற்றி முதுகில் ஒன்று வைத்திருப்பாள். "ம்" என்றாள்.

சோற்றுப்பானைப் பிரச்சினை வேறு. கராஜுக்கும் குசினிக்கும் ஒரே பிரேக்கர். காலையில் அவள் மின்சாரப் பானையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கராஜுக்குப் போவாள். பானையும் ஹீற்றரும் ஒன்றாக ஓடினால் பத்தாவது நிமிடம் பிரேக்கர் விழும். சோறா சூடா என்று வீடு கேட்கும். ஒரு நாள் நான் வந்தபோது கராஜ் இருட்டாக இருந்தது. மெசின் ஓடவில்லை. அவள் கதிரையில் இருந்தாள். இரண்டு கையும் மெசினுக்கு மேல் இருந்தன.

"எப்ப விழுந்தது?"

"காலமை."

"ஏன் போய்த் தட்டிவிடேல்லை?"

நான் போய்த் தட்டிவிட்டேன். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து விடிய ஐந்து மணிக்கு எழும்பி நானே சோறு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். களியாகிப் போன சோறு. அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். கல்யாணம் கட்டி ஒன்பது வருடத்தில் என் சமையலை அவள் குறை சொல்லாத காலம் அதுதான். எனக்குப் பயமாக இருந்தது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணியளவில் தேநீர் கொண்டுபோனேன். மஞ்சள் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அதில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

"உது நல்ல டிசைன். புள்ளி போட்டதோ?" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "இல்லை" என்றாள். பிறகு இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். சுட்டுவிரல் நகத்துக்குப் பக்கத்தில் ஊசி ஒருபுறம் ஏறி மறுபுறம் வந்திருந்தது. இரத்தம் வடிந்து, பாதி காய்ந்தும் விட்டது.

"எப்ப குத்தினது?"

"தெரியேல்லை."

"நோகேல்லையோ?"

"நோகேல்லை."

நான் விரலைத் தொட்டேன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த வெண்டிக்காய் மாதிரி இருந்தது. வெள்ளையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் என் மூளைக்கும் இரத்தம் ஓடியிருக்க வேண்டும். பின்சுவருக்குப் போய் வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வந்து அவளுடைய மேசையில், துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். இருபது. பதினாறு. பதினொன்று. ஏழு. அது இறங்க இறங்க நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டில் வந்து நின்றது.

"ஐஞ்சு கிழமையாய் உதுக்குள்ளையோ இருந்தனீர்? ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் இருபது எண்டு சொன்னியள்."

அதில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. கடையில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் விரலைக் கழுவி, அழுத்தி, நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். கையில் ஊசி போட்டார். அவள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தப்பிவிட்டது, ஆனால் இனியும் இப்படி விறைக்கவிட்டால் தப்பாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சூடு ஏற ஏற நோகும் என்றும், அது நல்லது, பயப்படவேண்டாம் என்றும் சொன்னார்.

அது எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், கையுறை ஆண்களுக்கு அழகில்லை என்று நினைத்து பஸ் தரிப்பில் முக்கால் மணித்தியாலம் நின்றவன் நான். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கோப்பிக்கடைக் கழிவறையில் சுடுதண்ணீரில் கையைப் பிடித்தேன். ஐயோ! வளர்ந்த ஆம்பிளை, தண்ணீர்க் குழாயடியில் நின்று அம்மா அம்மா என்று அழுதேன். வெளியே நின்ற வெள்ளைக்காரக் கிழவர் கதவைத் தட்டி எல்லாம் சரியா என்று கேட்டார். ஆக, அவளுடைய இடத்தைச் சூடாக்கினால் அவளுக்கு நோகும். சூடாக்காவிட்டால் ஒன்றும் நோகாது. இரண்டில் எது நல்லது என்று டொக்டருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும், ஒஷாவாக்காரன் முதலே சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். யாரோ குப்பைக்கு வைத்திருந்த கம்பளத்தைச் சுருட்டி இழுத்துவந்தேன். அதற்குக் கீழே மட்டைப்பெட்டிகளை விரித்தேன். பெரிய கதவின் இடுக்குகளுக்குப் பழந்துணி அடைத்து, உள்பக்கம் முழுக்க இரண்டு பழைய போர்வைகளை ஆணி அடித்தேன். மேசையைப் பின்மூலைக்குத் தள்ளி, அதற்குமேல் ஒரு லைற் கட்டினேன். அதைச் சுற்றி, சாமான் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் தகடுகளை நிறுத்தி ஒரு சின்ன அறை மாதிரி ஆக்கினேன். ஹீற்றர் அவளுடைய காலடிப் பக்கம், துணிமணி முட்டாத தூரத்தில். மேசை தூக்க வந்த பேஸ்மென்ற் பெடியன் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணை, உது ஆட்டுக்கொட்டில் மாதிரிக் கிடக்கு."

"ஆடெண்டால் குளிருது எண்டு கத்தியிருக்குமடா" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வெப்பமானியை எங்கே வைத்தேன் என்று கேட்கிறீர்களா? அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில். பிறகு அந்தக் கதிரையில் நானே ஒரு மணித்தியாலம் இருந்தேன். இலக்கத்தை நம்பி ஒருமுறை கெட்டது போதும். முழங்கால் குளிரவில்லை. எழும்பி வந்தேன்.

திங்களும் செவ்வாயும் அவள் போய் அந்தக் கதிரையில் இருந்தாள். விரலில் கட்டு இருந்ததால் மெல்லத்தான் தைத்தாள். நானும் எத்தனை பாகை என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் இருவருமே பேசாமல் இருந்தது அந்த இரண்டு நாளும்தான்.

புதன்கிழமை நாலு மணிக்கு வந்தேன். பின்முற்றத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கராஜில் மெசின் சத்தம் இல்லை. பிரேக்கர் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. பக்கக் கதவைத் திறந்தேன்.

அவள் கதிரையில் இருந்தாள். கட்டுப் போட்ட விரலை மற்றக் கையால் பொத்தி நெஞ்சோடு பிடித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. மடியில் சித்தியின் கடிதம் கிடந்தது. காலை நான் வேலைக்குப் போகும்போதும் அது சாமித்தட்டில்தான் இருந்தது. நான் போன பிறகு எடுத்திருக்கிறாள். "அம்மா" என்றாள். பிறகு "நோகுதம்மா" என்றாள். எனக்குச் சொல்லவில்லை. நான் வந்தது அவளுக்குத் தெரிந்ததா என்றும் தெரியவில்லை.

வாயில் ஒரு பகிடியை வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸில் வரும்போது யோசித்தது. இப்போது நினைத்தாலும் அது என்ன பகிடி என்று ஞாபகம் வருவதில்லை. கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். உள்ளே போவதா, விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா என்று தெரியவில்லை. எனக்குப் பின்னாலிருந்து காற்று உள்ளே ஓடியது. கம்பளத்தின் நுனியில் பனித்தூள் விழுந்தது. மேசையில் கிடந்த நீச்சல் உடுப்பு ஒன்று அசைந்தது.

"அப்பா..." என்றேன். எங்கள் பக்கத்தில் மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவது. "நான் வரட்டோ?"

அவள் முகத்தைத் திருப்பவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"கதவைச் சாத்துங்கோ, சூடு போகுது."