முடிச்சூரில் முடிச்சிடலாம்

அந்தப் பெண்ணைக் கேட்டு ஆள் அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியங்களைப் படித்துவிட்டு, ‘பாவம், விஷயம் தெரியாத பையன்’ என்று நீங்கள் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடும் ஒரு டீச்சரைப் பார்த்த நாளிலிருந்து ஆராதனைக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். போதகருக்கு என் பக்தியில் பெருமை. டீச்சரின் வீடு முடிச்சூரில். படப்பையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவர்கள் வீட்டில் பேசச் சொன்னேன். அக்கா பேசிவிட்டு வந்து, "யோசிச்சு சொல்றோம்னாங்கடா" என்றாள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. பெண் வீட்டில் யோசிக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? நான் தாடி வளர்க்க ஆரம்பித்தேன்.

தாடி பாதி வளர்ந்திருந்தபோது, என் அறைத் தோழன் மனதைத் தேற்றுவதற்காக மவுண்ட் ரோட்டில் ஒரு இங்கிலீஷ் படத்துக்கு அழைத்துப் போனான். சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வெளிநாட்டுக் கல்லூரி. அதற்குள் ஒரு ரகசியச் சங்கம். வருஷத்துக்கு ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவன் எப்போது தூங்குகிறான், யாரோடு பழகுகிறான், கேட்க நாதி உண்டா என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். பிறகு ஒரு பெரிய மனிதர் சிரித்த முகத்தோடு வந்து, "உன்னிடம் தனியாகப் பேச வேண்டும்" என்பார். அடுத்த காட்சியில் ஆள் ஏரியில் மிதப்பான். சங்கத்துக்காரர்களுக்கு அடையாளம் கறுப்புக் குடை. மழை இல்லாத நாளிலும் மடக்கிய குடையோடுதான் வருவார்கள். படத்தின் வசனத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாத பாதிதான் அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் தாம்பரத்தில் மார்ச் மாத வெயில். மரியாதைப்பட்ட மனிதர் யார்தான் குடையில்லாமல் வெளியே வருவார்? மார்க்கெட் தெருவில் மட்டும் சங்கத்தின் ஒரு கிளையே நடந்துகொண்டிருந்தது. தபால்காரர் உறுப்பினர். மளிகைக்கடை பாய் உறுப்பினர். எங்கள் துறைத் தலைவர் ஆயுள் உறுப்பினராகவே இருக்க வேண்டும். எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அதுவரை விளையாட்டுதான்.

வழக்கமான டீக்கடையில் கிளாஸை நீட்டிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "சார், உன்னிய பத்தி ரெண்டு பெரியவங்க விசாரிச்சுகினு போனாங்க."

"என்ன விசாரிச்சாங்க?"

"தம் அடிக்கிறியா, தண்ணி போடுறியா, எப்போ வூட்டாண்ட வர்றே, கூட யார் கீறாங்க… அல்லாத்தியும்தான்."

"ஆள் எப்படி?"

"டீஜென்டான ஆளுங்கதான். கையில கொடை வச்சிருந்தாங்க."

டீ மூக்கு வழியாக வந்தது.

அறைக்கு ஓடித் தோழனிடம் சொன்னேன். அவன் படுத்தபடியே கேட்டான்: "பிப்பெட் உறிஞ்சுற உன்னைப் புடிச்சுதான் ஒரு சங்கம் தீத்துக்கட்டணும்னா, அது எவ்ளோ கஷ்டத்துல இருக்கணும் மச்சான்?"

ஆறுதலாகத்தான் இருந்தது, சாயங்காலம் வரைக்கும். பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

"பையன் தனி ஆளுதான். அப்பா அம்மா இல்ல. ஒரே ஒரு அக்கா."

"அப்ப பின்னால பிரச்சினை பண்ண யாருமில்ல."

"ஆமா. ஞாயித்துக்கிழமை முடிச்சூர்லயே வெச்சு முடிச்சிடலாம்."

"நாம வந்தது அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உஷாராயிடுவானே! அதான் சொல்லாம வந்தோம்."

எட்டிப் பார்த்தேன். ஒருவர் ஒல்லி, கண்ணாடி போட்டவர். இன்னொருவர் குண்டு. ஆளுக்கொரு குடை.

முடிச்சூரில் ஏரி இருப்பது அந்தக் கணத்தில் பளிச்சென்று ஞாபகம் வந்தது. முடிச்சூரில் நான் ஆசைப்பட்ட பெண் இருப்பது வரவில்லை. பயந்தவன் மூளை அப்படித்தான். ஏரி தெரியும், வீடு தெரியாது.

கூடுவாஞ்சேரியில் இருந்த ஒரு நண்பன் வீட்டில் பதுங்கிவிடுவது என்று முடிவு செய்து, ஸ்டேஷனுக்கு ஓடிச் செங்கல்பட்டு ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எதிர் இருக்கையில் ஒரு குடை வந்து உட்கார்ந்தது. குடைக்குப் பின்னால் அந்தக் கண்ணாடிக்காரர்.

பெருங்களத்தூர் வரை அவர் என்னைப் பார்ப்பதும் நான் கூரையில் ஓடாத மின்விசிறியைப் பார்ப்பதுமாகப் போயிற்று. வண்டலூரில் நின்ற வண்டி நகரத் தொடங்கியபோது அவர் சிரித்த முகத்தோடு முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, உங்ககிட்டத் தனியா ஒரு நிமிஷம் பேசணும்."

"இதோ வந்துட்டேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்க் குதித்தேன். முழங்கால் சிராய்த்தது. ஒரு செருப்பு வண்டியோடு போய்விட்டது. அவர் வாசலில் தொங்கியபடி, "தம்பி! செருப்பு! செருப்பு!" என்று கத்தினார். கொல்ல வந்தவர் அதற்கு முன் செருப்பால் அடிக்கவும் திட்டமிட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒற்றைச் செருப்போடு பஸ் பிடித்துப் படப்பைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"ஒல்லியா, கண்ணாடி போட்டவரா?"

"ஆமாக்கா."

"அடப்பாவி! அவரு பொண்ணோட தாய்மாமன்டா! ஸ்கூல் வாத்தியாரு!"

"முடிச்சூர்ல முடிச்சிடலாம்னாரே?"

"சம்பந்தத்தைடா! உன்னையா?"

அத்தான் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அக்கா சிரிக்கவில்லை. "போச்சு. கைகூடி வந்த சம்பந்தம். ஓடுற ரயில்லேர்ந்து குதிக்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஏரியில் மிதப்பது அதற்குத் தேவலை என்று தோன்றியது.

பெண்ணின் அப்பாவிடமிருந்து ஆள் வந்தது. பையனுக்கு வலிப்பு ஏதாவது உண்டா, இல்லை மனசு வேறு எங்கேயாவது இருக்கிறதா? எதுவானாலும் நேரில் வந்து சொல்லட்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து முடிச்சூருக்குப் போனோம். தாடியை எடுத்திருந்தேன். வயிற்றுக் கோளாறு, அவசரம், அதனால் குதித்தேன் என்று சொல்லும்படி அக்கா வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். பெண்ணின் அப்பா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பூட்டிய கேட் மாதிரி முகம். மூலையில் தாய்மாமன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெல்லக் கேட்டார்: "தம்பி, நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டனா?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு வயிற்றின் மேல் பழி போட மனம் வரவில்லை. படம், சங்கம், குடை, ஏரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எதையும் நடித்துக் காட்டாமல் சொல்ல வராது. ஏரியில் மிதந்தும் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "அதாவது, எங்க மச்சானைக் கொலைகாரர்னு நெனச்சீங்க."

"ஆமாங்க."

"இவரை?"

தாய்மாமன் மெதுவாக நிமிர்ந்தார். "நெஜமாவா தம்பி? ரொம்ப பயந்துட்டீங்களா?"

"உயிரே போயிடுச்சு சார்."

"நான் சிரிச்சனே, அந்தச் சிரிப்பு எப்படி இருந்துச்சு?"

"அதுதான் சார் எல்லாத்தையும்விட பயங்கரம்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டீங்களா அத்தான்? மூணாங்கிளாஸ் பசங்க என் மேல சாக்பீஸ் எறியறானுங்க. பம்பரத்தைப் புடுங்கி வெச்சா, என் பையிலேர்ந்தே எடுத்துக்கினு போறானுங்க. காலேஜ்ல வேல பாக்குற புள்ள, என்னைப் பாத்து ரயில்லேர்ந்து குதிச்சிருக்கு!"

உள்ளே திரைக்குப் பின்னால், பாடகர் குழுவின் இரண்டாம் வரிசை சுருதி தப்பிச் சிரித்தது.

"யோசிச்சு…" என்று அப்பா ஆரம்பித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு அத்தான்? இவரை விட்டா, எனக்கு பயப்படுற மாப்பிள்ளை எங்க கெடைப்பான்?" என்று மடக்கிய தாய்மாமன் என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு கண்டிஷன். நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்து, மூணாங்கிளாஸ்ல இதை அப்படியே சொல்லணும்."

பெண்ணுக்காக மனிதர்கள் வில்லை வளைத்திருக்கிறார்கள், காளையை அடக்கியிருக்கிறார்கள். நான் மறுநாள் மூன்றாம் வகுப்பில் போய் நின்று, நடுங்கிய விதத்தையும் குதித்த விதத்தையும் பெஞ்சிலிருந்து குதித்தே காட்டினேன். தாய்மாமன் கைகட்டி, மீசையில்லாத இடத்தை முறுக்கியபடி நின்றிருந்தார். முன்வரிசையில் ஒரு பொடியன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"இவரு லூசா சார்?"

"ஆமாண்டா" என்றார் அவர் பெருமையாக. "எங்க வீட்டு மாப்பிள்ளை."