அந்த ஆறு கிலோ

நான் சிகரெட்டை விட்டது யாருக்கும் தெரியாது. பிடித்ததே தெரியாதவர்களுக்கு விட்டது எப்படித் தெரியும்? உடம்பு வைத்தது மட்டும் தெருவுக்கே தெரிந்தது.

புனேயில் காற்றாலை நிறுவனம் ஒன்றில் பயிற்சியில் இருந்தபோது வந்த பழக்கம் அது. கூட வேலை பார்த்த பெண்கள் இருவரும் பிடித்தார்கள். அவர்களோடு வெளியே போய் நின்றால்தான் எனக்குப் பேச ஆள் கிடைக்கும். பிறகு கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைக் கவனிக்கும் வேலைக்கு மாற்றல் கிடைத்து, பாளையங்கோட்டை வீட்டுக்கே வந்துவிட்டேன். பழக்கமும் கூடவே வந்தது. இந்த ஊரில் ஒரு பெண் நின்று புகைக்க இடம் கிடையாது. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று: எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அப்பா பிடித்துவிட்டு இறங்கிய பிறகு.

அவருடைய நாற்றம் என் நாற்றத்தை மறைத்தது. துண்டுகளைப் போட அவர் வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையிலேயே நானும் போட்டேன். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அம்மா அதை எட்டிப் பார்ப்பாள்.

"மூணுன்னு சொன்னீங்க, அங்கன அஞ்சு கெடக்கு. யார்ட்ட பொய் சொல்லுதீங்க?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். "நீ கணக்கு வாத்தியாருக்கு வாக்கப்பட்டிருக்கணும்."

ஒருநாள் காற்றாலைக் கோபுரத்தின் உள்ளேணியில் பாதி ஏறியதும் மூச்சு முட்டியது. கீழே நின்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கே காணொளியில் ஒரு மருத்துவரிடம் பேசினேன். மாத்திரை எழுதித் தந்தார். குமட்டும், கனவு வரும், பசிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். எதையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "எடை கூடலாம். அது பெரும்பாலும் மாத்திரையால் இல்லை, சிகரெட் நின்றதால். அதற்குப் பயந்து திரும்பிப் போய்விடாதீர்கள்" என்றார்.

தெரிந்தவர்கள் யாரும் வராத கடையாகப் பார்த்து வண்ணார்பேட்டையில் வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி போனில் நான் காட்டிய சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் பார்த்தார். "அப்பாவுக்காம்மா? நல்ல காரியம். விடாம குடுங்க."

ஆமாம் என்றேன்.

அவர் சொன்னபடி விடாமல் சாப்பிட்டேன். பதினைந்து நாளுக்குள் சிகரெட் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. அலுவலக மேசையில் கடலைமிட்டாய், வீட்டில் காராச்சேவு. தேங்காய்ப்பால் சொதியில் இஞ்சியின் வாசம் இவ்வளவு தூக்கலாக இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அதற்காகவே இன்னொரு கரண்டி சோறு. சுடிதார்கள் ஒவ்வொன்றாக அக்குளில் பிடித்தன. எடை ஆறு கிலோ கூடியிருந்தது.

அம்மாவுக்கு முதலில் சந்தோஷம். "எல்லாம் நம்ம ஆத்துத் தண்ணி. வரும்போது குச்சியால்லா இருந்தா" என்று பக்கத்து வீட்டு மதினியிடம் சொன்னாள்.

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி போதும்ட்டி. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பின போட்டோவ முதல்ல மாத்தச் சொல்லு உங்கம்மைய."

அதன்பின் அம்மா எனக்கு இட்லியை எண்ணி வைத்தாள். எடையைக் குறைக்க எனக்கு ஒரு வழி தெரியும். அது மாடியிலேயே, அப்பாவின் சிகரெட் பெட்டியில் இருந்தது. மாடிப்படி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். புனேத் தோழிகளுக்கு விட்டுவிட்டேன் என்று எழுதியபோது, சிரிக்கும் பொம்மையும் அவர்கள் நிற்கும் டீக்கடையின் படமும் பதிலாக வந்தன. கனவுகள் வேறு. ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, நனையாத சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். விழித்ததும் யாரிடமாவது சொல்லத் தோன்றும். சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இந்தச் சமயத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. பரிசோதித்த மருத்துவர், சிகரெட்டை உடனே நிறுத்தாவிட்டால் அடுத்த முறை தப்புவது சந்தேகம் என்றார். அம்மா கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அப்பா அசையவில்லை.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் விட்டான். ஊதிப் பெருத்து, அப்புறம் சீனி வியாதி வந்து கெடக்கான். விட்டுப் பாத்தவன் எவனாவது வந்து நல்லாருக்கேன்னு சொல்லட்டும், கேக்கேன்."

நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மாடிக்குப் போனேன். அவர் இருக்கும்போது நான் அங்கே போனதே கிடையாது. தொட்டிக்குப் பின்னால், பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தார். மறைக்கவில்லை.

"ஆறு கிலோ கூடும்ப்பா," என்றேன். "எனக்கு அதோட நின்னுட்டு."

என்னைப் பார்த்தார். பிறகு சிரட்டையைக் காலால் லேசாக நகர்த்தினார்.

"கொஞ்ச நாளா இதுல என்னோடது மட்டுந்தான் கெடக்கு. நீ விட்டுட்டேன்னு நெனச்சேன்."

அம்மா எண்ணித் திட்டிய ஒவ்வொரு முறையும் அவர் பேப்பருக்குள் இருந்தது ஞாபகம் வந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாட்டி?"

இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கனவு வந்தது என்றேன். என்ன கனவு என்றார். ஆறு, கழுத்தளவுத் தண்ணீர், நனையாத சிகரெட் எல்லாம் சொன்னேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

"மாத்திரை ஏதும் போட்டியா?"

"ஆமா. ஆனா உங்களுக்கு நெஞ்சு வலி இருக்கு. டாக்டர் பாத்துத்தான் எழுதணும்."

அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். நான் காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றேன். கடைசிவரை பிடித்தார். துண்டைச் சிரட்டையில் அழுத்திவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு டாக்டர்ட்ட போகையில நீயும் வா. உங்கம்மா வேண்டாம்."