பூஜ்யம் வந்த சனிக்கிழமைகள்

ஓட்டல் விரிப்புகளைத் துவைத்து மடித்து அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில் குலுக்கல் சாருக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். உண்மையில் அவர் குமாஸ்தா. வரும் மூட்டை, போகும் மூட்டை எழுதுவதுதான் வேலை. ஐம்பது வயதில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தார். அன்றிலிருந்து அவர் கால் தரையில் படுவது அபூர்வம்.

படித்ததற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம்தான் மூட்டை மலைபோல் வரும். இருபத்திரண்டு பேரில் ஒரே ஒருவருக்கு மட்டும் அன்று நாலரை மணிக்கே விடுதலை. யாருக்கு என்று வியாழக்கிழமை மேலாளர் ஒரு வாளியில் சீட்டுப் போட்டு எடுப்பார். வாளிக்குள் என்ன மாயமோ, மேலாளரின் மச்சான் பெயரே அடிக்கடி மேலே மிதக்கும். அது பொறுக்காமல்தான் சார் புரோகிராம் எழுதினார். "மெஷினுக்கு மச்சான் கிடையாது" என்று அறிவித்துவிட்டு, வாளியைத் துணி ஊறவைக்க அனுப்பினார்.

எழுதிய விதத்தை மனைவிக்கு விளக்கியது தனிக்கதை. கிளாஸ் என்பது அச்சு மாதிரி, ஆப்ஜெக்ட் என்பது அந்த அச்சில் வார்த்த பிஸ்கட் மாதிரி. ரேண்டம் என்ற அச்சு ஜாவாவிலேயே தயாராக இருக்கிறது, அதில் ஒன்று வார்த்து வைத்துக்கொண்டால், கேட்கும்போதெல்லாம் யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைச் சொல்லும் என்றார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு முடித்து, பிஸ்கட் எங்கே என்றாள்.

பதினான்கு மாதம் குலுக்கல் ஜோராக நடந்தது. ஒரே ஒருத்திக்குத்தான் விழவில்லை. இஸ்திரி உருளையில் நிற்பவள், கடைசியாகச் சேர்ந்தவள், சாரின் பட்டியலில் எண் இருபத்திரண்டு.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வீடு வந்து, ஞாயிறு விடிவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார். இவள் பத்து மணிக்குப் போய்ச் சேரும்போது ஆள் குறட்டையில் இருப்பார். ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்தால் முழித்திருக்கிற மனுஷனோடு நாலு வார்த்தை பேசலாம் என்பதுதான் அவள் ஆசை.

அவள் முறையிட வரும்போதெல்லாம் சார் பாடம் நடத்துவார். ஒவ்வொரு வாரமும் புதுக் குலுக்கல், போன வாரம் யாருக்கு விழுந்தது என்று மெஷினுக்கு ஞாபகமே இருக்காது என்பார்.

"அதுக்கு ஞாபகம் இல்ல சார். எனக்கு இருக்கே" என்றாள் ஒரு வியாழக்கிழமை, குலுக்கலுக்கு முன்பே வந்து நின்று. பிறகு, சாரின் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை மாதம் பார்த்து வைத்ததைக் கேட்டாள். "சில வாரம் பூஜ்யம் வருதே, அப்ப ஏன் மறுபடி தட்டுறீங்க?"

"பூஜ்யம்னு இங்க யாரும் இல்லையேம்மா. மெஷின் ஏதோ அசதியில சொல்லுது."

"இருபத்திரண்டுன்னும் யாரும் இல்லாத மாதிரிதான் சார் அது நடந்துக்குது."

சாருக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு புரோகிராமைப் பத்தாயிரம் தடவை ஓடவிட்டார். ஆளுக்கு நானூற்றைம்பது தடவை, முன்னே பின்னே விழுந்திருந்தது. மச்சானுக்கும் அவ்வளவுதான். யாருமே இல்லாத பூஜ்யத்துக்கும் அவ்வளவு. இருபத்திரண்டுக்கு ஒன்றுகூட இல்லை.

இருபத்திரண்டு எண்ணுக்குள் ஒன்று கொடு என்றால் அந்த பிஸ்கட் பூஜ்யத்தில் ஆரம்பித்து இருபத்தொன்றிலேயே நின்றுவிடும். வருகிற எண்ணோடு ஒன்றைக் கூட்டியிருந்தால் தீர்ந்தது. சார் கூட்டவில்லை. அதனால் அவளுடைய நாற்காலியில் இத்தனை மாதமும் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. அதையும் அவரே தட்டித் தட்டித் துரத்தியிருக்கிறார்.

இப்போது ஒன்றைக் கூட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டினார். வாயையும் மூடினார், சுமார் கால் மணி நேரம். பிறகு வெளியே வந்து, உருளைகளை நிறுத்தச் சொல்லி, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார்.

மூட்டை தூக்குகிறவர்தான் முதலில் வாய் திறந்தார். "மெஷினுக்கு மச்சான் இல்ல, சரி. மாமியார் இருக்கு போல."

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டது, இதுவரை எத்தனை பூஜ்யம் வந்தது என்பதுதான். சாரின் நோட்டில் மூன்று இருந்தது. அப்படியானால் மூன்றும் தன்னுடையவை, முதலாவது இந்தச் சனிக்கிழமை என்றாள். மச்சானே தலையாட்டினான்.

சனிக்கிழமை நாலரைக்கு அவள் கிளம்பினாள். யாரும் சொல்லாமலே அவள் இடத்தில் போய் நின்றார் சார். அவர் மடித்த விரிப்புகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் துவைத்ததா, துவைக்க வந்ததா என்று மூட்டை தூக்குகிறவர் விசாரித்தார்.

திங்கட்கிழமை காலை, ஏதோ கோப்பு தேடுகிற பாவனையில் சார் உருளைப் பக்கம் வந்தார்.

"என்னம்மா, பேசினீங்களா?"

"எங்க சார். கதவைத் திறந்த என்னைப் பாத்ததும் மனுஷனுக்கு முகமே செத்துப்போச்சு. வேலை போயிடுச்சான்னு கேட்டார். இல்லன்னு புரியவைக்கவே ஆறு மணி ஆயிடுச்சு."

"அப்புறம்?"

அவள் விரிப்பின் முனையை இழுத்துப் பிடித்தாள். "எட்டு மணி வரைக்கும் பேசினோம். அப்புறம் நான் தூங்கிட்டேன். அவர்தான் என்னைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாராம்."

"அதுக்கென்ன, இன்னும் ரெண்டு பூஜ்யம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அங்கே இல்லாத கோப்பை மறுபடி தேடத் தொடங்கினார் சார்.